கூட்டெருவும் மண்புழுவும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்தை அடுத்து மாட்டுக் கொட்டிலும் எருக்குழியும் அமைவது வழக்கம். பதுளை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறிப் பாத்திகளுக்கும் சாண எருவே உயிர். 2021இல் இரசாயன உர இறக்குமதி சில மாதங்கள் தடைப்பட்டபோது கூட்டெருவின் தேவை மேலும் பெருகிற்று. ஆயின், தேயிலை நாற்றுப் பைகளும் உரச்சாக்கின் இழைகளும் குழியில் வீழ்ந்தால் மட்குவதில்லை; நொறுங்கி, 5 மில்லிமீற்றரினுஞ் சிறிய நுண்பிளாத்திக்குத் துகள்களாகின்றன.

மண்ணைப் பதப்படுத்தும் மண்புழுவின் பணியை டார்வின் 1881இல் விரித்துரைத்தார். அப்புழுவே இத்துகள்களைச் சருகோடு விழுங்கி, தன் வளைகளின் ஆழத்திற்குக் கொண்டுசெல்கின்றது. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், சருகில் 28 விழுக்காடும் அதற்கு மேலும் துகள் கலந்தபோது புழுக்களின் வளர்ச்சி குன்றிற்று, இறப்பும் மிகுந்தது. வயலிற் காணும் அளவு அத்துணைப் பெரிதன்று என்பது மெய்யே. எனினும் எரு மீண்டும் மீண்டும் இடப்படுவதால் துகள் சேர்ந்துகொண்டே போகும். சாக்கு நூலைக் கையாற் பொறுக்க இயல்வது குழியில் இடுமுன்னரே. நொறுங்கியபின் அதனை எச்சல்லடையும் முற்றாக அரித்தெடாது.