தடை தாண்டி வந்தவர்கள்

ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளி 1917இல், முதல் உலகப் போரின் நடுவே தொடங்கியது. அதை நிறுவிய புனித கபிரியேல் சகோதரர்கள் சபையின் வேர் மேற்கு பிரான்சில், செவ்ர் ஆற்றங்கரைச் சிற்றூரான சான் லோரானில் இருக்கிறது. ஏழைகளிடையே கால்நடையாகப் போதித்துத் திரிந்த குரு லூயி மரி தெ மான்ட்போர்ட் 1716இல் அங்கேதான் இறந்தார். பள்ளி தாங்கி நிற்பது அவர் பெயரை.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-94இல், வாந்தே உள்நாட்டுப் போர் அந்த வட்டாரத்தையே எரித்தது. பிறகு எஞ்சிய சகோதரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1821இல் பொறுப்பேற்ற குரு கபிரியேல் தெஷேதான் சபைக்கு மறுவாழ்வு தந்தார். கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கினார். காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை நினைவில் வைக்கலாம்.

அடுத்த அடி சட்டமாக வந்தது. துறவுச் சபைகள் அரசு அனுமதி பெற வேண்டும் என்றது 1901ஆம் ஆண்டுச் சட்டம். 1903இல் கல்விப் பணி செய்த சபைகளின் விண்ணப்பங்கள் மொத்தமாக நிராகரிக்கப்பட்டன. 1904இல் துறவியர் பாடம் நடத்துவதே தடைசெய்யப்பட்டது. அங்கியைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டை அணிந்து வகுப்புக்குப் போன துறவிகள் உண்டு. மற்றவர்கள் கப்பலேறினார்கள்: 1901இல் சயாமுக்கு, 1903இல் இந்தியாவுக்கு. முடக்க வந்த சட்டமே சபையைக் கடல் கடந்து பரப்பிவிட்டது.

சேர்வராயன் மலையில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டங்களுக்கிடையே இந்தியா வந்த அந்தச் சபை தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி இன்றும் இயங்குகிறது. அனுமதி பெற்ற பிறகே வளாகத்துக்குள் செல்லவும்.