மாடி ரூம் கூரை சாய்வா இருக்கா? பெட்ரூம் ஆக்கும் முன் இதைப் படிங்க!

இன்ஸ்டாகிராமில் 'அட்டிக் பெட்ரூம்' என்று தேடினால் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சரிந்து இறங்கும் மரக்கூரை, அதன் தாழ்வான பக்கத்தில் ஒட்டிப் போட்ட மெத்தை, மஞ்சள் சீரியல் லைட், ஓரத்தில் ஒரு செடி. 'நம்ம மொட்டை மாடி ரூமும் சாய்வுக் கூரைதானே, இதே மாதிரி பண்ணிடலாம்' என்று தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் படங்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு வீடுகள். அங்கே கூரைக்குள் வெப்பத்தடுப்புப் பொருளைத் திணித்து வைத்திருப்பார்கள். கூரையை ஒட்டிப் படுத்தால் கதகதப்பு. நம்ம ஊரில் சாய்வுக் கூரை என்றால் ஓடு, இல்லாவிட்டால் ஷீட். சித்திரை மாத மதியத்தில் ஷீட்டுக்கு மூன்றடி கீழே படுத்துப் பாருங்கள், தோசைக்கல்லைத் தலைக்கு மேல் கவிழ்த்த மாதிரி இருக்கும். சூடேறிய கூரை நேராக உடம்பின் மேல் வெப்பத்தை வீசுவதால் ஃபேன் போட்டாலும் பெரிதாக மாறாது. ஆகவே அந்தப் படங்களை அப்படியே திருப்பிப் போடணும்.

கட்டில் எங்கே?

ஒரு பக்கமாகச் சரியும் கூரை என்றால் உயரமான பக்கத்தில். இரண்டு பக்கமும் சரிந்தால் நடு முகட்டுக்குக் கீழே, தலைமாடு முக்கோணச் சுவரை ஒட்டி. கூரையிலிருந்து அதிக தூரம் கிடைப்பது அங்கேதான். தலை இடிக்கும் கணக்கும் இருக்கிறது: தரையிலிருந்து மெத்தை ஒன்றரை அடி, உட்கார்ந்தால் உச்சந்தலை வரை இன்னொரு 3 அடி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்காரவே நாலரை அடி வேண்டும், நிற்க அதற்கும் மேலே.

சுலபமான வழி, தாழ்வான பக்கம் நோக்கி மெதுவாக நடங்கள். தலை தட்டும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து எடுக்கும் சாமான்கள் மட்டும்: சூட்கேஸ், புத்தகங்கள், செருப்பு ஸ்டாண்ட். ஆறரை அடி பீரோ முக்கோணச் சுவருக்குப் போகட்டும். பீரோவும் மெத்தையும் வாங்கும் முன் மாடிப்படியின் அகலத்தை, முக்கியமாக திருப்பத்தை, அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் மெத்தை மடங்காது. கயிறு கட்டி வெளியிலிருந்து தூக்கும் கூத்தைத் தெருவே நின்று பார்க்கும்.

சீலிங் ஃபேன் இறக்கை தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. சாய்வில் உரசவும் கூடாது. இரண்டுக்கும் இடமில்லையா, சுவர் ஃபேன்தான்.

ஷீட்டில் டிரில் வேண்டாம்

இதை மட்டும் அழுத்திச் சொல்லணும். சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் பழைய சிமென்ட் ஷீட் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு தொங்கவிட ஓட்டை போடுவது, பெயின்டுக்காகச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது எதுவும் கூடாது. கிளம்பும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபால்ஸ் சீலிங் போடுவதென்றால் சுவரிலிருந்து தனி ஃபிரேம் எடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு நல்ல மழை பெய்யட்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே ஜிப்சம் போர்டு போட்டால் ஊறித் தொங்கிவிடும். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் சூடான காற்று வெளியேற வழி வையுங்கள். அந்த வழியில் வலை அடிக்க மறந்தால் எலிக்கும் அணிலுக்கும் இலவச வாடகை.

ஓட்டுக் கூரைக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் கட்சி. ஓடுகளின் இடுக்கு வழியாகவே சூடு கொஞ்சம் வெளியேறும், அதை ஏன் அடைக்கணும்? ரீப்பர் கட்டைகளைச் சுத்தம் செய்து வார்னிஷ் அடித்தாலே அழகு. வெளிச்சத்துக்கு வடக்குச் சரிவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு மாற்றலாம். மேற்கில் வைத்தால் மாலை வெயில் நேராகக் கட்டிலுக்கு வந்துவிடும்.

சுவருக்கும் கூரைக்கும் ஒரே வெளிர் நிறம் போதும். இரண்டு நிறம் அடித்தால் கூரை இன்னும் தாழ்ந்து தெரியும். தொங்கும் விளக்கைத் தவிர்த்து, தாழ்வான பக்கச் சுவரில் மேல்நோக்கி ஒரு விளக்கு வைத்தால் சாய்வு முழுக்க வெளிச்சம் பரவும்.

பெயின்ட் செலவில் முதல் பங்கு கூரையின் வெளிப்பக்கத்துக்குப் போகட்டும். ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் அடித்தால், உள்ளே ஏசி வாங்கும் முன்பே வித்தியாசம் தெரியும். ஆனால் ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்துவிடும். பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

வாடகை ரூம் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மதியம் 2 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஷீட் எந்த வகை, மேலே வெள்ளை அடித்துத் தருவாங்களா என்று ஹவுஸ் ஓனரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.