கண்ணில் தெரியும் மறதி நோய்! காட்டிக் கொடுத்த மஞ்சள்

"படிக்கட்டு எங்க முடியுதுன்னு தெரியல... பேப்பர் படிச்சா வரி தப்பிப் போகுது." வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொன்னால் உடனே கண்ணாடியை மாற்றுகிறோம். புதுக் கண்ணாடி போட்டும் சரியாகவில்லையா? கோளாறு கண்ணில் இல்லாமல் மூளையில் இருக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

அல்சைமர் எனப்படும் மறதி நோயை 1906-ம் ஆண்டு முதலில் எடுத்துச் சொன்னவர் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிவது இந்த நோயின் அடையாளம். ஞாபகம் குறைவதற்குப் பல வருஷம் முன்பே இது ஆரம்பித்து விடுகிறது.

மின்னும் மஞ்சள்

கண்ணின் பின்பக்கம் உள்ள விழித்திரை, கரு வளரும்போது மூளையின் ஒரு பகுதியில் இருந்தே உருவாகிறது. அதனால் மூளையில் நடப்பது கண்ணிலும் தெரியுமா என்று ஆராய்ந்தனர்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள சீடார்ஸ்-சினாய் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன நோயாளிகளின் விழித்திரையில் அதே அமிலாய்டு இருப்பதை 2010-ல் கண்டறிந்தனர். இதற்குக் கை கொடுத்தது நம்ம வீட்டு மஞ்சள்! மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு ஒளி பட்டால் மின்னும். 2017-ல் உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்கே குர்குமின் கொடுத்து விழித்திரையைப் படம் பிடித்துக் காட்டினர். 2023-ல், 86 பேர் தானம் செய்த கண், மூளைத் திசுக்களைச் சோதித்தபோது, மறதி லேசாக இருந்தவர்களின் விழித்திரையிலும் மாற்றம் தெரிந்தது.

இதைக் கேட்டு யாரும் மஞ்சள் பாலைத் தேடி ஓட வேண்டாம். இது நோயைப் பார்க்க உதவும் சாயம்தான், மருந்து இல்லை.

விழித்திரை நரம்பு அடுக்கு மெலிவதை ஓ.சி.டி. ஸ்கேன் காட்டும். ஆனால் கண் நீர் அழுத்த நோயிலும் அது மெலியும். எனவே கண் ஸ்கேனை மட்டும் வைத்து அல்சைமர் என்று முடிவு கட்ட முடியாது.

எழுத்தாளருக்கு வந்த சோதனை

சிலருக்கு இந்த நோய் மூளையின் பின்பகுதியில், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் இடத்தில் தொடங்கும். பிரபல இங்கிலாந்து நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டுக்கு வந்தது இதுதான். 2007-ல் நோய் தெரிந்தது. டைப் அடிக்க முடியாமல் போனபோது வாயால் சொல்லிச் சொல்லியே புத்தகம் எழுதினார். 2015-ல் 66 வயதில் இறந்தார்.

என்ன கவனிக்கணும்?

* கண் முன்னால் இருக்கும் பொருளையே தேடுவது
* டம்ளரை எடுக்கப் போய் கை தவறுவது
* படியின் உயரம், வண்டி வரும் தூரம் தெரியாமல் தடுமாறுவது

முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் தொல்லை தீரவில்லை என்றால் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கண்புரை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததாக 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் மறதி நோய்க்கான காரணங்கள் பட்டியலில் 2024-ல் லான்செட் நிபுணர் குழு சேர்த்துள்ளது.

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் விட்டுவிடாதீங்க!