அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் தலைமைப் பயிற்றுநர் தேர்வு

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் தலைமைப் பயிற்றுநர் தேர்வு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவி காலியாகும்போது, அதற்கு உரியவரை அடையாளம் கண்டு நியமிக்கும் நடைமுறை ஆகும். இங்குக் காற்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தைக் குறிக்கும். பதவி காலியானவுடன் புகழ்பெற்ற பெயர்கள் பல பேசப்படும். அவர்களுள் பெரும்பாலோர் வரக்கூடியவர்கள் அல்லர். வரக்கூடியவர் யார், வந்தால் அந்த இடத்தில் வெல்லக்கூடியவர் யார் என்று பிரித்தறிவதே இத்தேர்வின் மையப் பணியாகும்.

பதவியின் தன்மை

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவின் மேல்நிலையில் சுமார் 130 பல்கலைக்கழக அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொரு அணியிலும் ஏறத்தாழ நூறு மாணவ வீரர்கள் உள்ளனர். ஆட்ட உத்தி வகுப்பது தலைமைப் பயிற்றுநரின் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேடிச் சென்று அணியில் சேர்ப்பது, உதவிப் பயிற்றுநர்களை நியமிப்பது, நன்கொடையாளர்களைச் சந்திப்பது, மாணவர்களின் படிப்பையும் ஒழுக்கத்தையும் கண்காணிப்பது ஆகியனவும் அவருடைய பொறுப்புகள். பல மாநிலங்களில் மிக அதிக ஊதியம் பெறும் அரசு ஊழியர் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் காற்பந்துப் பயிற்றுநரே ஆவார்.

நியமிக்கும் பொறுப்பு பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநருடையது. பல்கலைக்கழகத் தலைவரும் ஆட்சிக்குழுவும் ஒப்புதல் அளிப்பர். வெளியிலிருந்து ஆள்தேடும் நிறுவனங்களின் உதவியைப் பெறுவதும் உண்டு. சாதாரண வேலைவாய்ப்பைப் போல விண்ணப்பங்களைப் பெற்று வடிகட்டும் முறை இங்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை. தகுதியுள்ளவர் ஏற்கனவே வேறொரு பதவியில் இருப்பார். அவரைத் தேடிச் சென்று அழைக்க வேண்டும்.

காலநெருக்கடி

வழக்கமான ஆட்டப் பருவம் நவம்பர் இறுதியில் முடிகிறது. 2017 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் டிசம்பரிலேயே தாங்கள் சேரும் பல்கலைக்கழகத்துடன் ஒப்பமிடலாம். பயிற்றுநர் இல்லாத அணியில் சேர மாணவர்கள் தயங்குவர். ஆகவே தேர்வுக்குக் கிடைக்கும் காலம் சில வாரங்கள், சில வேளைகளில் சில நாட்கள் மட்டுமே. இதனால் பல இயக்குநர்கள், பதவி காலியாகும் முன்பே பொருத்தமானவர்களின் சிறு பட்டியல் ஒன்றை வைத்திருப்பர். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாட்களில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் கேலன் டிபோயர் அங்கு நியமிக்கப்பட்டார்.

யார் யார் கருதப்படுவர்

பொதுவாக நான்கு வகையினர் பட்டியலில் இடம்பெறுவர்.

1. சிறிய பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து வென்ற தலைமைப் பயிற்றுநர். அர்பன் மையர் போலிங் கிரீனிலும் யூட்டாவிலும் வென்ற பின் 2005 பருவத்துக்குப் புளோரிடா சென்றார். அங்கு 2006, 2008 பருவங்களில் தேசியப் பட்டம் பெற்றார்.

2. வலுவான அணியின் தாக்குதல் அல்லது தடுப்பு ஒருங்கிணைப்பாளர். அலபாமாவின் தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த கெர்பி ஸ்மார்ட், தாம் படித்த ஜார்ஜியாவுக்குத் தலைமைப் பயிற்றுநராகச் சென்று 2021, 2022 பருவங்களில் பட்டம் வென்றார்.

3. அணிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பயிற்றுநர். கிளெம்சனில் 2008 பருவத்தின் நடுவில் இடைக்காலப் பொறுப்பேற்ற டாபோ ஸ்வின்னி, பின்னர் நிலையாக நியமிக்கப்பட்டு 2016, 2018 பருவங்களில் பட்டம் வென்றார்.

4. தொழில்முறைக் காற்பந்தில் பணியாற்றியவர். சேபன் 2007-இல் மயாமி டால்பின்ஸ் அணியிலிருந்தே அலபாமாவுக்கு வந்தார்.

எந்த வகையும் வெற்றிக்கு உறுதி தருவதில்லை. வகையை விட, ஒவ்வொருவரைக் குறித்தும் கேட்கப்படும் மூன்று கேள்விகளே முக்கியமானவை.

முதல் கேள்வி: அழைத்தால் வருவாரா

ஒருவரின் தற்போதைய ஊதியம், அங்கு அவருக்குள்ள பாதுகாப்பு, குடும்பச் சூழல், புதிய இடத்தில் கிடைக்கும் நிதி ஆகியவை இதை முடிவு செய்கின்றன. 2004 இறுதியில் நோட்டர் டேம், புளோரிடா ஆகிய இரண்டும் மையரை நாடின. முன்பு நோட்டர் டேமில் உதவிப் பயிற்றுநராக இருந்ததால் அவர் அங்கே செல்வார் என்று பலரும் எண்ணினர். அவர் புளோரிடாவைத் தேர்ந்தார். அப்போது புளோரிடாவின் தலைவராக இருந்த பெர்னி மேச்சன், மையர் யூட்டாவில் நியமிக்கப்பட்டபோது அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். வெளியில் தெரியும் பழைய பாசத்தை விட, நேரடிப் பழக்கமும் நம்பிக்கையும் வலுவானவையாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

பொதுவெளியில் சொல்லப்படும் மறுப்பை மட்டும் வைத்து ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் முடியாது. 2006 டிசம்பரில் அலபாமாவின் அழைப்பை மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ராட்ரிகஸ் ஏற்கவில்லை. அலபாமாவுக்குச் செல்லப்போவதில்லை என்று அதே மாதம் வெளிப்படையாகக் கூறிய சேபன், அடுத்த மாதம் அங்கே பொறுப்பேற்றார். முதல் தேர்வு கைநழுவிய பின் வந்த அவர், அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

இரண்டாம் கேள்வி: இந்த இடத்துக்குப் பொருந்துவாரா

ஓரிடத்தில் வென்றவர் எல்லா இடத்திலும் வெல்வார் என்பதில்லை. ராட்ரிகஸ் 2008 பருவத்துக்கு மிச்சிகன் சென்றார். களத்தை அகலமாகப் பயன்படுத்தி வேகமாக ஆடும் அவருடைய முறைக்கு, வேறு முறைக்காகச் சேர்க்கப்பட்டிருந்த வீரர்கள் ஏற்றவர்களாக இல்லை. மூன்று பருவங்களில் 15 வெற்றி, 22 தோல்வியுடன் அவர் விலக்கப்பட்டார்.

நெப்ராஸ்காவின் ஸ்காட் ஃப்ராஸ்ட் இன்னொரு எடுத்துக்காட்டு. 1997-இல் அந்த அணியே தேசியப் பட்டம் வென்றபோது குவாட்டர்பேக்காக ஆடியவர் அவர். 2017-இல் மத்திய புளோரிடா அணியை ஒரு தோல்வியும் இல்லாத பருவத்துக்கு வழிநடத்தியிருந்தார். ஊர்ப்பாசமும் அண்மை வெற்றியும் ஒருங்கே அமைந்த அவரை விடப் பொருத்தமானவர் இல்லை என்றே தோன்றியது. எனினும் 16 வெற்றி, 31 தோல்வியுடன் 2022 செப்டம்பரில் அவர் பதவி முடிந்தது.

மாறாக, இண்டியானா 2023 இறுதியில் ஜேம்ஸ் மேடிசன் அணியின் கர்ட் சிக்னெட்டியை நியமித்தபோது நாடு தழுவிய ஆரவாரம் எழவில்லை. அப்போது அவருக்கு வயது 62. ஆனால் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றிய மூன்று சிறிய கல்லூரிகளிலும் அவர் வென்றிருந்தார். அலபாமாவில் சேபனின்கீழ் வீரர் சேர்ப்புப் பணியையும் செய்திருந்தார். தம் பழைய அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உடன்வர, முந்தைய பருவத்தில் 3 ஆட்டங்களே வென்ற இண்டியானாவை 2024-இல் 11 வெற்றிகளுக்கு உயர்த்தினார்.

மூன்றாம் கேள்வி: விலக்க நேர்ந்தால் தாங்குமா

ஒப்பந்தக் காலம் முடியும் முன் பயிற்றுநரை விலக்கினால் பல்கலைக்கழகம் தர வேண்டிய இழப்பீடு மிகப் பெரிதாக இருக்கலாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷரைப் பத்து ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் உறுதிசெய்யப்பட்ட ஊதியத்தில் நியமித்தது. 2021-இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அவரை விலக்கியபோது தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. புகழ்பெற்றவரை ஈர்க்கக் கொடுக்கும் உறுதிமொழிகளே பின்னர் சுமையாக மாறுகின்றன.

டென்னசி, 2017

இம்மூன்று கேள்விகளும் குழம்பினால் விளைவது என்ன என்பதை டென்னசி காட்டுகிறது. 2017 நவம்பரில் புட்ச் ஜோன்ஸ் விலக்கப்பட்டபின், தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்த ஜான் குரூடன் வருவார் என்ற நம்பிக்கை ரசிகர்களிடையே பரவியது. அவர் வரவில்லை. கிரெக் ஷியானோவுடன் உடன்பாடு எட்டப்பட்டபோது எழுந்த கடும் எதிர்ப்பால் அது அன்றே கைவிடப்பட்டது. சில நாட்களில் இயக்குநர் ஜான் கரியும் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். புதிய இயக்குநர் பிலிப் ஃபுல்மர் நியமித்த ஜெரமி ப்ரூயிட், வீரர் சேர்ப்பு விதிமீறல்கள் தொடர்பாக 2021 ஜனவரியில் விலக்கப்பட்டார். 2023-இல் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட அபராதம் விதிக்கப்பட்டது. ப்ரூயிட்டுக்குப் பின் மத்திய புளோரிடாவிலிருந்து வந்த ஜாஷ் ஹைப்பல் 2022 பருவத்தில் 11 ஆட்டங்களை வென்றார்.

பின்னணிச் சரிபார்ப்பு

அவசரத்தில் தவறவிடப்படுவது இதுவே. 2001 டிசம்பரில் நோட்டர் டேம் நியமித்த ஜார்ஜ் ஓலியரி, தம் கல்வி, விளையாட்டுத் தகுதிகள் குறித்துத் தந்திருந்த பொய்யான விவரங்கள் வெளிவந்ததால் ஐந்து நாட்களில் பதவி விலகினார். தேர்வு நேர்மையாக நடக்கவும் சில ஏற்பாடுகள் உள்ளன. ஒரிகன் மாநிலத்தில் 2009-இல் இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்கள் தலைமைப் பயிற்றுநர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்கிறது.

மாணவர்கள் மீதான விளைவு

மாணவர்கள் பலர் பல்கலைக்கழகத்தை மட்டுமன்றிப் பயிற்றுநரையும் நம்பியே சேர்கின்றனர். 2018-இல் நடைமுறைக்கு வந்த இடமாற்றப் பதிவு முறை, அவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை எளிதாக்கியது. 2021 முதல் தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி வருமானம் ஈட்டவும் அனுமதி உண்டு. சேபன் ஓய்வுபெற்ற அதே மாதத்தில் அலபாமாவின் முன்னணித் தடுப்பு வீரர் கேலப் டவுன்ஸ் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். எல்லா மாணவர்க்கும் இத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. முந்தைய பயிற்றுநரின் ஆட்டமுறைக்காகச் சேர்க்கப்பட்ட சாதாரண வீரர், புதியவரின் திட்டத்தில் இடமின்றிப் போகலாம். கல்லூரிப் பருவத்தில் அவருக்குக் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளே. தவறான தேர்வுக்குப் பல்கலைக்கழகம் பணத்தால் ஈடுகட்டிவிடலாம். மாணவர் இழந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.