உயர்கல்வி மசோதா: திருப்பதியின் குரல் தில்லிக்கு எட்டுமா?

புது தில்லி:

"தொடர்புடைய அனைத்துத் தரப்பினரையும் கலந்தாலோசித்த பின்னரே முடிவெடுக்கப்பட்டது." உயர்கல்வி தொடர்பான புதிய கொள்கையையோ சட்ட முன்வடிவையோ அறிவிக்கும்போதெல்லாம் மத்திய அரசு தரப்பில் தவறாமல் கூறப்படும் வாசகம் இது. அந்தத் தரப்பினர் யார், எங்கே கலந்தாலோசிக்கப்பட்டனர் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விடையின்றியே நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில், தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் ஆகிய மூன்றையும் கலைத்துவிட்டு ஒரே ஆணையத்தை ஏற்படுத்த வகைசெய்யும் "விகசித் பாரத் சிக்ஷா அதிஷ்டான்" மசோதா, 2025 டிசம்பர் 15-ஆம் தேதி மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. மாநிலங்களின் உரிமை பறிபோகிறது என்றும், மசோதாவின் பெயரே ஹிந்தியில் இருக்கிறது என்றும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அறிமுக நிலையிலேயே ஆட்சேபம் தெரிவித்தனர். அதையடுத்து மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இத்தகைய சட்டம் யாரையெல்லாம் பாதிக்கும் என்பதை அறிய விரும்புவோர், ஆந்திரத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களை ஒருமுறை சுற்றிவந்தால் போதும். 2022 ஏப்ரல் 4 வரை இவை பெரும்பாலும் ஒரே மாவட்டமாக இருந்தவை. மாநிலப் பல்கலைக்கழகம், மகளிர் பல்கலைக்கழகம், மத்திய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம், வேதப் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்.இ.ஆர்., அரசு-தனியார் கூட்டு முயற்சியிலான ஐ.ஐ.ஐ.டி., நான்கு மாநிலங்களின் பெயரில் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகள் என நாட்டில் உள்ள உயர்கல்வி அமைப்புகளில் ஏறக்குறைய எல்லா வகைக்கும் இங்கே ஓர் உதாரணம் உண்டு.

ஒப்பந்தத்தில் பிறந்த பல்கலைக்கழகம்:

உயர்கல்வியில் பல தரப்பினரின் பேச்சுவார்த்தை என்பது இப்பகுதிக்குப் புதியதன்று. 1937 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையில் காசிநாதுனி நாகேசுவர ராவின் "ஸ்ரீபாக்" இல்லத்தில் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் அமர்ந்து ஓர் உடன்பாடு கண்டனர். தனி ஆந்திர மாநிலம் அமைந்தால் தங்கள் பகுதி புறக்கணிக்கப்பட்டுவிடும் என்று அஞ்சிய ராயலசீமைத் தரப்பினர், ஆற்று நீர், தலைநகரம் அல்லது உயர் நீதிமன்றம் ஆகியவற்றுடன் பல்கலைக்கழகத்தையும் நிபந்தனையாக வைத்தனர். வால்டேரைப் போலவே அனந்தபூரும் பல்கலைக்கழக மையமாக வளர்க்கப்பட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1-ஆம் தேதி உதயமானது. மறு ஆண்டு செப்டம்பரில் திருப்பதியில் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நிலமும் ஆதரவும் அளித்தது திருமலை-திருப்பதி தேவஸ்தானம். கேட்டது அனந்தபூர், கிடைத்தது திருப்பதி என்ற மனக்குறை அனந்தபூரில் நெடுநாள் இருந்தது. ஆனாலும் ஒன்று உண்மை. பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டவர்களும், அதற்கு இடம் கொடுத்தவர்களும், சட்டம் இயற்றியவர்களும் நேருக்கு நேர் அமர்ந்து பேசிய பிறகே அது பிறந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948-இல் தலைமை வகித்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனின் சொந்த ஊரான திருத்தணி, அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அது தமிழகத்துடன் இணைந்தது. ராதாகிருஷ்ணன் பள்ளிக் கல்வி பயின்ற ஊர்களில் திருப்பதியும் ஒன்று. அவரது குழு வினாப்பட்டியல் அனுப்பியதோடு நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு நேரில் சென்று ஆசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்தது. 1949 ஆகஸ்டில் அறிக்கையையும் அளித்துவிட்டது. மின்னஞ்சலும் விமானப் பயணமும் எளிதாகிவிட்ட இக்காலத்தில் பத்து நாள் அவகாசம் தந்து கருத்துக் கேட்பதைப் பார்க்கும்போது, அந்தக் குழுவின் ரயில் பயணங்கள் நினைவுக்கு வராமல் இல்லை.

குப்பத்தின் அனுபவம்:

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் முனையில் உள்ளது குப்பம். இங்கு 1997-இல் ஆந்திர அரசு தனிச் சட்டத்தின் மூலம் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. மொழியியல் அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் இதன் பின்னணியில் இருந்தவர். முதல் இணைவேந்தராகவும் பொறுப்பேற்றவர். தமிழகம், கர்நாடகம், கேரளம் ஆகிய அண்டை மாநில அரசுகளும் இம்முயற்சியில் பங்கேற்றன. ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் பிற மாநிலங்கள் பங்கேற்பது இந்தியாவில் அரிது. தமிழ் மொழி மற்றும் மொழிபெயர்ப்பியலுக்கு இங்கே தனித் துறை உள்ளது.

ஆனால், தொடக்க விழாவில் மேடையில் அமர்வது வேறு. ஆண்டுதோறும் பொறுப்பேற்பது வேறு. பல்கலைக்கழகம் ஆந்திர அரசின் சட்டப்படி இயங்குவது. அதன் அன்றாட நிதிச் சுமையும் ஆந்திரத்துடையது. தொலைநிலை வழியில் எம்.பில்., பிஎச்.டி. பட்டங்கள் வழங்குவதற்கு 2009-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைகள் தடை விதித்தன. அதையொட்டி குப்பத்தின் தொலைநிலை ஆய்வுப் பதிவுகள் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. தமிழகத்திலிருந்தும் பலர் அத்தகைய பட்டங்களை நாடியவர்கள்தாம். நான்கு மாநிலங்களின் பெயர் தாங்கிய நிறுவனத்தில் எந்த மாநிலம் கேள்வி கேட்பது என்பது அப்போது தெளிவாகவில்லை. வெளித் தரப்பினரைக் கொள்கை முடிவில் சேர்ப்பதாகச் சொல்பவர்கள், அவர்களின் பொறுப்பு எது, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்பதற்குக் குப்பம் ஒரு பாடம்.

15 சதவீதத்துக்கு ஓர் இருக்கை:

தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் நிலைமை நேர்மாறானது. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 35 சதவீதம், தொழில் நிறுவனங்கள் 15 சதவீதம் என்ற விகிதத்தில் தலா ரூ. 128 கோடி மூலதனச் செலவில் 20 தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தின் கீழ், 2013-இல் இங்கே ஐ.ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. (மாவட்டம் பிரிந்த பிறகு ஸ்ரீசிட்டி திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது, நிறுவனத்தின் பெயரில் மட்டும் சித்தூர் நீடிக்கிறது.) 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி, முதலீடு செய்த தொழில்துறைப் பங்குதாரர்களுக்கு ஆட்சிக் குழுவில் இடமுண்டு. யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எந்த இருக்கை என்பதில் குழப்பமே இல்லை.

இதிலும் ஒரு முரண் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் நடைமுறைச் செலவைத் தாமே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்தப் பணம் பெரும்பாலும் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். ஒருமுறை மூலதனம் அளித்தவர்களுக்கு இருக்கை உண்டு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் மாணவர், பெற்றோர் தரப்புக்கு இல்லை.

எர்ப்பேட்டில் உள்ள ஐ.ஐ.டி.யின் கதை வேறு. 2014-ஆம் ஆண்டு ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின் 13-ஆவது அட்டவணையில் அளிக்கப்பட்ட வாக்குறுதியின்படி, சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலில் 2015-இல் தற்காலிக வளாகத்தில் வகுப்புகள் தொடங்கின. நிரந்தர வளாகத்தைப் பிரதமர் மோடி 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி ஜம்முவிலிருந்து காணொலி மூலம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஐ.ஐ.டி. கவுன்சிலில் மக்களவை உறுப்பினர் இருவருக்கும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவருக்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது. நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்திலேயே இடம் ஒதுக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

உள்ளே இருப்பவர்கள்:

வெளித் தரப்பினரின் நிலை இதுவென்றால், பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருப்பவர்களின் நிலை அதைவிட மேலானது என்று சொல்ல இயலாது. பழைய முறையில் இருந்த செனட், சிண்டிகேட் அமைப்புகளுக்குப் பதிலாக ஆட்சிமன்றக் குழுவை ஏற்படுத்தியது 1991-ஆம் ஆண்டின் ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் சட்டம். ஆசிரியர் பிரதிநிதிகளும் இக்குழுவுக்கு அரசின் நியமனம் மூலமே வருகின்றனர். ஆட்சி மாறினால் குழுவும் மாறும் என்பது திருப்பதியில் அனைவரும் அறிந்ததே.

மாணவர் பேரவைத் தேர்தல்கள் 1980-களின் இறுதியில் மாநிலத்தில் நின்றுபோயின. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பின்னரும் ஆந்திரத்தில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. இத்தனைக்கும், ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பொருளாதாரம் பயின்று, அங்கே மாணவர் அரசியலில் ஈடுபட்டு வளர்ந்தவர்தான் 1989 முதல் குப்பம் தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினராக இருக்கும் முதல்வர் சந்திரபாபு நாயுடு.

கேட்காமல் எடுத்த முடிவு எப்படித் திரும்பிவரும் என்பதை ஆந்திரம் 2021-இல் கண்டது. அரசு உதவி பெறும் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களையோ சொத்துகளையோ அரசிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் உதவியின்றி இயங்க வேண்டும் என்ற நிலையை அப்போதைய ஜெகன்மோகன் ரெட்டி அரசு உருவாக்கியது. கட்டணம் உயரும் என்று அஞ்சிய மாணவர்களும் பெற்றோரும் வீதிக்கு வந்தனர். நவம்பர் 8-ஆம் தேதி அனந்தபூரில் நடைபெற்ற மாணவர் போராட்டம் மோதலில் முடிந்தது. அடுத்த சில நாள்களிலேயே, விருப்பமில்லாத நிறுவனங்கள் பழையபடியே தொடரலாம் என்று அரசு இறங்கிவந்தது. முன்கூட்டியே அழைத்துப் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய போராட்டம் அது. அதே ஆண்டில்தான் பட்டப் படிப்புகள் அனைத்தும் ஆங்கில வழிக்கு மாறும் என்ற அறிவிப்பும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தெலுங்கு வழி மாணவர்கள்.

பதில் எழுத யார் இருந்தார்கள்?

தேசிய கல்விக் கொள்கைக்காக 2015 முதல் இரண்டரை லட்சம் ஊராட்சிகள், 6,600 வட்டாரங்கள், 676 மாவட்டங்களில் கருத்துக் கேட்கப்பட்டதாக மத்திய அரசு பெருமையுடன் கூறுகிறது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால், யு.ஜி.சி.யைக் கலைப்பதற்கான முந்தைய முன்வடிவு 2018 ஜூன் 27-இல் வெளியானபோது, கருத்துக் கூற ஜூலை 7 வரையே முதலில் அவகாசம் தரப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அது ஜூலை 20 வரை நீட்டிக்கப்பட்டது.

2025 ஜனவரி 6-ஆம் தேதி வெளியான யு.ஜி.சி. வரைவு விதிமுறைகளின் கதை இன்னும் விசித்திரமானது. துணைவேந்தர் தேர்வுக் குழுவில் வேந்தர், யு.ஜி.சி., பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகள் மட்டுமே இருப்பர் என்றது வரைவு. ஆந்திரச் சட்டத்தில் மாநில அரசுக்கு உள்ள இடம் அதில் இல்லை. தமிழக சட்டப்பேரவை ஜனவரி 9-ஆம் தேதியும், கேரள சட்டப்பேரவை ஜனவரி 21-ஆம் தேதியும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. கருத்துக் கூறும் அவகாசம் பிப்ரவரி 28 வரை நீண்டது.

அந்த வாரங்களில் ஆந்திரப் பல்கலைக்கழகங்களின் நிலை என்ன? 2024-இல் ஆட்சி மாறியதும் துணைவேந்தர்கள் பலர் ராஜிநாமா செய்திருந்தனர். 2025 பிப்ரவரி 18-ஆம் தேதிதான் 9 பல்கலைக்கழகங்களுக்குப் புதியவர்கள் நியமிக்கப்பட்டனர். திருப்பதியின் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. துணைவேந்தரை எவ்வாறு தேர்வு செய்வது என்று நாடு முழுவதும் கருத்துக் கேட்கப்பட்டபோது, பதில் எழுத வேண்டிய அலுவலகங்களில் முழுநேரத் துணைவேந்தரே இல்லை.

குழுவின் முன் உள்ள வாய்ப்பு:

கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்தது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் தொடக்கம் முதலே உள்ளது. இந்த இரண்டுக்கும் இடையே யாருடைய வார்த்தை எடுபடும் என்பதைத்தான் கூட்டுக் குழு பரிசீலிக்க வேண்டியுள்ளது. 2024 தேர்தலில் 16 மக்களவை இடங்களை வென்ற தெலுங்கு தேசம், கூட்டணி அரசின் முக்கியத் தூண்களில் ஒன்று. சித்தூர் தொகுதி அக்கட்சியின் பிரசாத ராவிடமும், திருப்பதி தொகுதி ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் குருமூர்த்தியிடமும் உள்ளன. ஆளும் அணியும் எதிரணியும் ஒரே பகுதிக்காகப் பேச வேண்டிய விஷயம் இது.

நாடாளுமன்றக் குழுக்கள் தில்லியில் சாட்சியம் பெறுவதுடன், அவைத் தலைவரின் அனுமதியுடன் வெளியூர்களுக்கு ஆய்வுப் பயணமும் மேற்கொள்ளலாம். ஆலோசனை கூற விரும்பும் எவரும் மனு அனுப்பலாம். ஆனால், அதற்காக வெளியிடப்படும் அறிவிப்புகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை ஒன்று உண்டு. மனு ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே அது. திருப்பதியில் தெலுங்கு வழியில் பயின்ற மாணவரும், குப்பத்தில் தமிழ் பயிலும் மாணவரும் தங்கள் கருத்தை முதலில் மொழிபெயர்த்தாக வேண்டும்.