பக் நாயின் தண்டுவடத்தில் ஒரு நீர்ப்பை

பக் நாய் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. பாதத்தின் மேற்புறம் தரையில் உரசி நகங்கள் தேய்கின்றன. நடக்கும்போதே மலம் விழுகிறது. அது நாய்க்கே தெரிவதில்லை. ஆனால் முதுகைத் தொட்டால் பெரும்பாலும் கத்தாது, வழக்கம்போல் சாப்பிடும். வலி தெரியாததால் வயதாகிவிட்டது என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தாமதம்தான் என்னை வருத்துகிறது, ஏனென்றால் இதற்குக் காரணமான தண்டுவட நீர்ப்பைக்குச் சிகிச்சை இருக்கிறது.

தண்டுவடத்தை மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. நடு உறைக்கு அடியில் மூளைத் தண்டுவடத் திரவம் ஓடுகிறது. அந்த உறை ஓரிடத்தில் பையாகப் புடைத்தால், திரவம் தேங்கித் தண்டுவடத்தை அழுத்தும். இது புற்றுநோய் அல்ல. பக், பிரெஞ்ச் புல்டாக் இனங்களில் பெரும்பாலும் முதுகுப் பகுதியில் வருகிறது. ராட்வைலரில் கழுத்தில் வருவதால் நான்கு கால்களுமே தடுமாறும்.

மருத்துவர் நாயை நிற்கவைத்து, ஒரு பாதத்தை மடக்கி மேற்புறம் தரையில் படும்படி வைத்துப் பார்ப்பார். நலமான நாய் கணத்தில் அதைத் திருப்பி ஊன்றிவிடும். நரம்புச் செய்தி தடைபட்ட நாய் அப்படியே நிற்கும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பை தெரியாது. முன்பெல்லாம் தண்டுவடத் திரவத்தில் சாயமருந்து செலுத்திப் படமெடுத்தார்கள். பை இருக்கும் இடத்தில் சாயம் கண்ணீர்த்துளி வடிவில் திரளும். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பையோடு தண்டுவடத்தின் நிலையையும் காட்டிவிடுகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கினாலும், முதிய நாய்களில் தண்டுவடம் படிப்படியாகச் சிதைந்தாலும் இதே தள்ளாட்டம் வரும் என்பதால் ஸ்கேன் இல்லாமல் முடிவுகட்டக் கூடாது.

பிரெட்னிசலோன் மாத்திரை சில நாய்களுக்குக் கொஞ்ச காலம் தெம்பு தரும். பை அப்படியேதான் இருக்கும். அறுவையில் முள்ளெலும்பின் மேற்கூரையை அகற்றி, உருப்பெருக்கியின் துணையோடு வெளியுறையை நீளவாக்கில் கீறுகிறார்கள். திரவம் வடிகிறது. வடித்துவிட்டு மூடினால் பை மறுபடி நிரம்பக்கூடும். அதனால் கீறிய விளிம்புகளைப் பக்கத்துத் திசுவோடு சேர்த்துத் தைத்து, பையின் வாயைத் திறந்தே வைப்பதும் உண்டு. சிலர் நுண்குழாய் பொருத்தித் திரவத்துக்கு மாற்றுவழி அமைக்கிறார்கள். தண்டுவடத்தைத் தொடாமல் செய்ய வேண்டிய வேலை இது. போதாக்குறைக்குப் பக்கின் குட்டை மூக்கு மயக்கமருந்து தருபவரையும் விழிப்பாக இருக்கவைக்கும்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் நடை முன்பைவிட மோசமாகலாம். உரிமையாளர் மிரளாமல் காத்திருந்து, இயன்முறைப் பயிற்சியைத் தொடர வேண்டும். இளவயது நாய்களும், அறிகுறி தோன்றிச் சில மாதங்களுக்குள் அறுவைக்கு வந்தவையும் பொதுவாக நன்றாகத் தேறுகின்றன. நடை சீரானாலும் மலக்கட்டுப்பாடு திரும்பாமல் போவதுண்டு. சில காலம் கழித்துத் தள்ளாட்டம் மீண்டும் தலைகாட்டினால், திரும்பவும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.