கடல் கடந்த தந்தை பெயர்

படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தைக் கண்டதும் நம்மில் பலருடைய எழுதுகோல் சற்றே தயங்கும். எலப்புள்ளி போன்ற பாலக்காட்டு எல்லையூர்களில் தந்தையின் தலைப்பெழுத்தை இடும் தமிழரும், வீட்டுப்பெயரைச் சேர்த்தெழுதும் மலையாளிகளும் அருகருகே வாழ்கின்றனர். தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயர் தமிழர் வழக்கில் இல்லை. ஆயினும் கரீபியன் பகுதியில் முத்துசாமி, சிதம்பரம், நாகமுத்து, பெருமாள் ஆகியவை குடும்பப் பெயர்களாகவே வழங்குகின்றன. இது எவ்வாறு நேர்ந்தது?

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854இல் குவாதலூப்பையும் அடைந்தது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் சென்றனர்.

முத்துசாமி என்றொருவர் அங்கு இறங்கினால், எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு பிரெஞ்சு எழுத்தில் பதிந்து, ஓர் எண்ணையும் இடுவார். அவருக்குப் பிள்ளை பிறந்தபோது ஞானப்பெயர் புதிதாக அமைந்தது. தந்தையின் பெயரோ குடும்பப் பெயராயிற்று. நம்மிடம் ஒரு தலைமுறையோடு மாறும் தந்தை பெயர், அங்கே என்றும் மாறாமல் உறைந்துவிட்டது.

அப்பெயர் உரிமைக் குரலாகவும் ஒலித்தது. 1863இல் குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்தியரின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923இல்தான் வெற்றி கிட்டியது. பின்னாளில் ஏர்னெஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார். கயானாவில் மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை பிரதமராக விளங்கினார்.

வேரைத் தேடுவோர் பெயரை மட்டும் நம்பலாகாது. சிதம்பரம் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஆட்பெயரும் ஆகும். ஆதலின் தம் பிறப்புச் சான்றிலிருந்து பெற்றோர், பாட்டன், பூட்டன் எனப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுதலே முறை. முதலில் கப்பலிறங்கியவரின் பதிவை அடைந்தால், கப்பலின் பெயரும் எண்ணும் கிட்டும். பிரெஞ்சுத் தீவுகளின் பழைய பதிவேடுகள் பிரான்சின் எக்சு நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆங்கிலேயர் ஆண்ட கயானா முதலிய நாடுகளுக்குச் சென்றோரின் குடிபெயர்வுச் சீட்டிலோ தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம், உடல் அடையாளம் வரை காணலாம். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இப்பகுதி மூதாதையரைத் தேடுவோர் ‘கேரளம்’ என்றன்றி, ‘மலபார்’ என்றே தேட வேண்டும்.

இத்தேடல் வெறும் ஆர்வமன்று. சுரினாமில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு 2023இலும், டிரினிடாட் டொபாகோவில் வாழ்வோருக்கு 2025இலும், வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை ஆறாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. தலைமுறைத் தொடர்பை மெய்ப்பிக்க ஆவணம் வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் சங்கிலி அறுந்துபோகக் கூடும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வங்கிக் கணக்கு, ஆதார், நிலப்பத்திரம் ஆகிய மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியோரைக் கேட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஊர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளை வாரிசுரிமை கோரும் பேரப்பிள்ளைக்கு அவ்வொரு பக்கம் பெருந்துணையாகும்.